வேலியும் வேலிக்கு விதியும்: உலாவி நீட்சிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு மாநிலத்து வயல் வட்டைகளிலே வட்டவிதானை என்னும் பதவி நெடுங்காலம் நிலவிவந்தது. வட்டையிற் காணியுடையோரும் செய்கைக்காரரும் கூடித் தம்முள் ஒருவரை அப்பதவிக்குத் தெரிவு செய்வர். வேலி அடைபடுவதைப் பார்த்தல், கட்டாக்காலி மாடுகள் புகாது காத்தல், வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவித்தல் என்பன அவர் கடமைகள். அறுவடைக் காலத்தில் நெல்லாகவே அவருக்குரிய கூலி அளக்கப்படும். தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில் 1856இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்காறுகளை ஒழிக்கவில்லை. அவற்றை எழுத்திற் பதிந்து அரசின் ஆணைக்குள் கொண்டுவந்தது. காலப்போக்கில் வயற் காவலர் ஊருக்கு மட்டுமன்றிக் கச்சேரிக்கும் பதில் சொல்லவேண்டியவரானார். பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பொறுப்புகளைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது.

காவலனைத் தெரிவு செய்பவர் ஒருவராகவும், அவன் கை எட்டும் தூரத்தை வரையறுப்பவர் இன்னொருவராகவும் அமையுமிடத்து, காவல் யாருடைய நன்மைக்காக நடைபெறுகின்றது என்ற ஐயம் எழுவது இயல்பு. வயலைப் பொறுத்தவரை இவ்வையம் பழையது. இணையத்தைப் பொறுத்தவரை 2018க்கும் 2025க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அது கூர்மையடைந்தது. கூகிள் நிறுவனம் தனது குரோம் உலாவியில் இயங்கும் நீட்சிகளுக்குப் புதிய விதிகளை வகுத்தமையும், அவ்விதிகளால் விளம்பரத் தடுப்பு நீட்சிகள் அடைந்த மாற்றமுமே அதற்குக் காரணம். இவ்விடயத்தை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கொள்வோர் பலர். வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து, வாசகரின் ஏவலாளாகப் பிறந்த ஒரு கருவி எவ்வாறு படிப்படியாக வேறொருவரின் வாயிலாக மாறியது என்பதன் ஒரு பகுதியாகவே அது தோன்றும்.

ரிம் பேர்னேர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவின் அணுக்கரு ஆய்வு நிலையத்தில் உலகளாவிய வலையை முன்மொழிந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, உலாவி என்பது வாசகர் சார்பில் ஆவணத்தைத் தேடிக் கொணரும் கருவியாகவே கருதப்பட்டது. வலையின் நெறிமுறை ஆவணங்கள் உலாவியைப் 'பயனரின் முகவர்' என்ற பொருள்படும் பெயராலேயே இன்றும் குறிக்கின்றன. பெயர் நிலைத்தது, பொருள் தேய்ந்தது. 1994 ஒக்டோபர் 27ஆம் திகதி ஹொட்வயர்ட் என்னும் இணைய இதழில் ஏ.ரி.அன்ட்.ரி. நிறுவனத்தின் பதாகை விளம்பரம் வெளியாயிற்று. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், வாசகர் கேளாமலே துள்ளியெழும் தனிச் சாளர விளம்பரங்களும் வந்து சேர்ந்தன. அவ்வகை விளம்பரத்திற்கான நிரலை ட்ரைபொட் நிறுவனத்தில் எழுதிய ஈதன் சக்கர்மன் 2014இல் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

தடுப்பு முயற்சிகளும் விளம்பரத்தோடு உடன்பிறந்தவை என்பது பலர் அறியாதது. 1996இலேயே பிரைவ்நெற் என்னும் சிறு நிறுவனம் விளம்பரங்களை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. அக்காலத்துத் தடுப்புக் கருவிகள் பெரும்பாலும் உலாவிக்கு வெளியே, அதற்கும் இணையத்திற்கும் நடுவே நின்று வந்ததை வடித்துக் கொடுத்தன. வலைப்பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்படும் வழக்கம் பரவிய பின்னர் நடுவே நிற்பவருக்குப் பக்கத்தின் உட்கிடக்கை தெரியாது போயிற்று. காவலன் வீட்டுக்குள்ளே, அதாவது உலாவிக்குள்ளே, வரவேண்டியவனானான். வீட்டுக்குள் வந்தவன் வீட்டுக்காரனின் விதிக்கு உட்பட்டவன்.

அவ்வாறு உள்ளே வருவதற்கு வழிசெய்தது மொசில்லாக் குழுவினரின் உலாவியே. இன்று பயர்பொக்ஸ் எனப்படும் அவ்வுலாவி பீனிக்ஸ் என்ற பெயரோடு 2002இல் வெளிவந்தபோது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் ஆஸ்ரட் சோரென்சென் என்ற மாணவர் அதற்கு அட்பிளொக் என்னும் நீட்சியை எழுதினார். விளம்பரங்களின் முகவரிகளைத் தொகுக்கும் ஈசிலிஸ்ற் என்னும் பொதுப் பட்டியல் 2005இல் தொடங்கியது. 2006இல் விளாடிமிர் பலன்ற் அட்பிளொக் பிளஸ் நீட்சியை வெளியிட்டார். இவற்றுள் பட்டியலின் தோற்றமே மிக முக்கியமானது எனலாம். நீட்சி ஒரு பொறி. பட்டியல் அதற்குரிய அறிவு. எந்த முகவரியிலிருந்து விளம்பரம் வருகின்றது, எந்த நிரல் வாசகரைப் பின்தொடர்கின்றது என்பதை ஊதியம் பெறாத தொண்டர்கள் நாள்தோறும் கண்டெழுதி அதிற் சேர்த்தனர். இணைய வரலாற்றில் இத்தகைய கூட்டுழைப்பு அரிதாகவே பேசப்படுகின்றது.

இத்தொண்டின் பயனை உணர்வதற்கு, ஒரு செய்திப் பக்கம் திறக்கும்போது நிகழ்வதைக் கவனித்தல் வேண்டும். வாசகர் கேட்பது ஒரு பத்திரிகையின் ஒரு பக்கம். உலாவியோ அப்பத்திரிகையின் சேவையகத்தோடு நில்லாது, வாசகர் பெயரறியாத வேறு பல சேவையகங்களுக்கும் வேண்டுகோள் விடுக்கின்றது. பக்கம் நிறைவதற்குள், அந்த வாசகரின் கண்முன் எந்த விளம்பரத்தை வைப்பது என்பதற்கான ஏலம் நடந்து முடிகின்றது. அதற்கான நிரல்களும் படங்களும் அசையும் காட்சிகளும் வாசகர் பணங்கொடுத்து வாங்கிய தரவிலிருந்தே கழிகின்றன. வரம்பற்ற இணைப்புள்ள மாநகரத்தவருக்கு இது சிறு தொல்லை. படுவான்கரைக் கிராமமொன்றில், முற்கொடுப்பனவு அட்டையின் தரவைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் மாணவருக்கு இது பணச்செலவு. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையவழி நடைபெற்றபோது இந்த வேறுபாடு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் வெளிப்பட்டது. அலைவரிசை மெலிந்த இடங்களிலே, கேளாமல் வரும் ஒவ்வொரு படமும் கேட்டது வருவதைத் தாமதப்படுத்தும். செலவைவிடக் கேடானதும் உண்டு. தேடல் விளம்பரங்களின் வழியாக மோசடிக்காரர் போலித் தளங்களுக்கு மக்களை இழுப்பதைக் கண்ட அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுப் பணியகம், 2022 டிசெம்பரில் வெளியிட்ட பொது அறிவித்தலில், தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது.

குரோம் உலாவி 2008 செப்டெம்பர் 2ஆம் திகதி வெளியானது. அதன் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கியவர் மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2015இல் கூகிளின் தலைமை நிறைவேற்று அதிகாரியானவரும் அவரே. தமிழர் ஒருவரின் உயர்வு என இதனைக் கொண்டாடிய கட்டுரைகள் ஏராளம். அவ்வுலாவியின் சாவி யாரிடம் இருக்கின்றது என்ற வினாவுக்கு அப்பெருமிதத்தில் விடை இல்லை. கூகிளின் வருமானம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டே அதனை அணுகுதல் தகும். அதன் தாய் நிறுவனமான அல்பபெற் 2023ஆம் ஆண்டில் ஈட்டிய ஏறத்தாழ 30,700 கோடி அமெரிக்க டொலர் வருமானத்தில் 23,700 கோடிக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. உலகின் மிகப் பெரிய விளம்பர வணிகர் உலகில் மிகுதியாகப் பயன்படும் உலாவியின் உடைமையாளராகவும் இருப்பதே இவ்வரலாற்றின் மூலமுடிச்சு.

தொடக்கத்தில் இம்முடிச்சு இறுகியிருக்கவில்லை. 2010 அளவில் குரோம் நீட்சிகளுக்கு இடமளித்தபோது, விளம்பரத் தடுப்பு நீட்சிகள் வந்துவிட்ட விளம்பரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதையே பெரிதும் செய்ய முடிந்தது. வருமுன் தடுக்கும் முழு ஆற்றல், வெப்ரிக்குவெஸ்ற் என்னும் வசதி 2012இல் பொதுப் பதிப்பில் அமைந்த பின்னரே கிட்டியது. உலாவி விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளும் முதலில் நீட்சியிடம் காட்டப்படும். 'போகலாம்' அல்லது 'போகக்கூடாது' என்று நீட்சி தீர்ப்பளிக்கும். பின்னர் விவாதப் பொருளானது இத்தீர்ப்புரிமையே. அது உடைமையாளர் மனமுவந்து கொடுத்த உரிமை என்பதும், கொடுத்தவர் கொடுத்த காலத்தில் அவருடைய உலாவி சந்தையைப் பிடிக்கப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

கைத்தொலைபேசியில் நிலைமை வேறாயிருந்தது. 2013 மார்ச் மாதத்தில் அட்பிளொக் பிளஸ் உள்ளிட்ட தடுப்புச் செயலிகளைக் கூகிள் தனது பிளே அங்காடியிலிருந்து அகற்றியது. பிற செயலிகளின் இயக்கத்தில் அவை தலையிடுகின்றன என்பது கூறப்பட்ட காரணம். அன்ட்ரொயிட் தொலைபேசியிலுள்ள குரோம் உலாவி நீட்சிகளுக்கு இடமளித்ததே இல்லை. மேசைக்கணினியில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து எழுந்த பெருவிவாதம் தொலைபேசியில் ஆரவாரமின்றி முன்னரே முடிந்துவிட்டது எனலாம். அப்பிள் நிறுவனம் வேறு வழி கண்டது. 2015 செப்டெம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். ஒன்பதாம் பதிப்பில், தடுப்புச் செயலி தனது விதிகளை முன்கூட்டியே பட்டியலாக எழுதிக் கொடுக்கலாம். அவற்றை நிறைவேற்றுவது உலாவியின் வேலை. பட்டியலுக்கு 50,000 விதிகள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது. வாசகர் எந்தப் பக்கம் செல்கின்றார் என்பதைச் செயலி அறியாது என்பது இம்முறையின் நற்பண்பு. கூகிள் பின்னர் மேற்கொண்டது இவ்வழியையே.

காவலர்கள் யாவரும் தூயோர் என்று கொள்வதும் தவறாகும். அட்பிளொக் பிளஸை நடத்திய ஜேர்மனியின் ஐயோ நிறுவனம் 2011இல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொல்லை தராத விளம்பரங்கள் விலக்குப் பட்டியலிற் சேர்க்கப்பட்டு வாசகருக்குக் காட்டப்படும். பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்தவேண்டும். கூகிளும் அவ்வாறு கட்டணம் செலுத்தியதை 2015இல் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. வேலியைக் காக்க வைத்த ஆள் கடவையில் நின்று ஆயம் வாங்கத் தொடங்கியதற்கு ஒப்பானது இது. ஜேர்மனியப் பதிப்பு நிறுவனமான அக்செல் ஸ்பிரிங்கர் தொடுத்த வழக்கில், அந்நாட்டுக் கூட்டரசு உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரல் 19ஆம் திகதி இத்தொழில் சட்டத்திற்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை பற்றிய மற்றொரு வழக்கை 2025இல் அதே நீதிமன்றம் மறு விசாரணைக்கு அனுப்பியது. இச்சூழலில் கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் 2014இல் எழுதிய யூபிளொக், அடுத்த ஆண்டிலிருந்து யூபிளொக் ஒரிஜின் என்ற பெயரில் வளர்ந்து பெருமதிப்புப் பெற்றது. அவர் நன்கொடையும் வாங்குவதில்லை; விலக்குப் பட்டியலும் வைப்பதில்லை. குரோமில் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர்.

2018ஆம் ஆண்டு பல இழைகள் சந்தித்த ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரியில் கூகிளின் விளம்பர வலையமைப்பான அட்சென்ஸ் தமிழ்மொழித் தளங்களை ஏற்கத் தொடங்கியது. தமிழில் எழுதிய சிறு தளங்களுக்கு வருமானத்தின் வாயில் திறந்தது அப்போதுதான். அதே மாதம் 15ஆம் திகதி குரோம் தானே ஒரு வடிகட்டியைப் பூண்டுகொண்டது. விளம்பரத் துறையினரின் கூட்டமைப்பு ஒன்று வகுத்த தரத்திற்கு ஒவ்வாத விளம்பரங்களைக் காட்டும் தளங்களில் அவற்றை அது தடுத்தது. அக்கூட்டமைப்பில் கூகிளும் உறுப்பினர். ஒக்டோபர் மாதத்தில் நீட்சிகளுக்கான புதிய விதித்தொகுதி, 'மனிபெஸ்ற் மூன்றாம் பதிப்பு' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. கப்பல் ஏற்றிச் செல்லும் சரக்கின் விவரப் பத்திரத்தைக் குறிக்கும் சொல் அது. நீட்சியொன்று தன்னிடம் என்னென்ன உள, தனக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று உலாவிக்கு அறிவிக்கும் பத்திரத்திற்கு அப்பெயர் வழங்கியது. காரைதீவிற் பிறந்து 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர் கலைச்சொல்லாக்கத்திற் காட்டிய அக்கறையை நினைப்போர், இத்தகைய சொற்களுக்குத் தமிழ் இன்னும் அமையாதிருப்பதையும் நினைப்பர். பெயரில்லாத பொருளைப் பற்றிப் பொதுமக்கள் விவாதிப்பது கடினம்.

புதிய விதிகளின் சாரம் இது. நீட்சி இனி ஒவ்வொரு வேண்டுகோளையும் நிறுத்தித் தீர்ப்பளிக்க முடியாது. தடுக்கவேண்டியவற்றை விதிகளாக எழுதி உலாவியிடம் முன்னரே ஒப்படைக்கவேண்டும். ஒப்பு நோக்குவதும் தடுப்பதும் உலாவியின் செயல். எத்தகைய விதி எழுதலாம் என்பதையும் எத்தனை எழுதலாம் என்பதையும் உலாவியே வரையறுக்கும். வரைவில் 30,000 விதிகள் என்ற எல்லை காணப்பட்டது. 2019 ஜனவரியில் ஹில், ஈசிலிஸ்ற் என்னும் ஒரு பட்டியலுக்கே அவ்வெல்லை போதாது என்பதைச் சுட்டிக்காட்டி, தம் நீட்சி இவ்விதிகளின் கீழ் வாழமுடியாது என்று எழுதினார். எதிர்ப்பு வலுத்தபோது, அவ்வாண்டு யூன் மாதம் எல்லை 150,000 ஆக உயரும் என்று கூகிள் கூறியது. இறுதியில், ஒவ்வொரு நீட்சிக்கும் 30,000 விதிகள் உறுதியாகவும், அதற்கு மேல் எல்லா நீட்சிகளும் பங்கிட்டுக்கொள்ளும் 300,000 விதிகள் பொதுவாகவும் அமைந்தன.

கூகிள் முன்வைத்த காரணங்கள் மூன்று: பாதுகாப்பு, அந்தரங்கம், வேகம். இவற்றை வெறும் சாக்கு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2020 ஒக்டோபரில் நனோ அட்பிளொக்கர் என்னும் நீட்சியை அதன் ஆசிரியர் வேறு சிலருக்கு விற்றார். வாங்கியோர் அதனுட் தீய நிரலைப் புகுத்தி, பயனரின் சமூக ஊடகக் கணக்குகளைத் தம் விருப்பிற்குப் பயன்படுத்தினர். எல்லா வேண்டுகோளையும் பார்க்கும் கண்ணை ஒருவருக்குக் கொடுத்தால், அந்தக் கண் விலைக்குப் போகலாம் என்பதற்கு இது கண்கூடான சான்று. தொலைவிடத்திலிருந்து நிரலை இறக்கி இயக்குவதைப் புதிய விதிகள் தடைசெய்தமை இவ்வகையில் வரவேற்கத்தக்கதே.

எனினும் தீர்ப்புரிமையைப் பறித்ததற்கு இக்காரணங்கள் பொருந்துமா என்பது வேறு வினா. புதிய விதிகளின் கீழும், உரிய அனுமதி பெற்ற நீட்சி வேண்டுகோள்களைப் பார்க்கலாம், தடுக்கத்தான் முடியாது. வேவு பார்க்க விரும்பும் நீட்சிக்குப் பார்த்தல் போதும்; காவல் செய்ய விரும்பும் நீட்சிக்கே தடுத்தல் வேண்டும். அந்தரங்கத்தின் பெயரால் வந்த விதி வேவுகாரனின் கண்ணை விட்டுவைத்துக் காவலனின் கையைக் கட்டியது எனின் அது மிகையாகாது. வேகம் பற்றிய வாதமும் வலுவானதன்று. கோஸ்ரறி நிறுவனத்தார் 2019இல் நடத்திய அளவீட்டில், முன்னணித் தடுப்பு நீட்சிகள் ஒரு வேண்டுகோளைப் பற்றித் தீர்மானிக்க எடுக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மில்லி செக்கனிலும் குறைவாயிருந்தது. இவற்றினும் முக்கியமானது 2019 மே மாதத்தில் கூகிள் தெரிவித்த விலக்கு. நிறுவன நிருவாகிகள் தம் கணினிகளிற் கட்டாயமாக நிறுவும் நீட்சிகளுக்குப் பழைய தீர்ப்புரிமை தொடர்ந்தும் இருக்கும் என்பதே அது. தொழில் நிறுவனத்தின் நிருவாகி நம்பத்தக்கவர். வீட்டிலிருக்கும் வாசகர் நம்பத்தகாதவர் என்பதே இதன் உட்பொருள். தன் கணினியைத் தானே வாங்கி, தன் தரவுக்குத் தானே பணம் செலுத்தும் ஒருவர், அதே கணினியில் எதைத் தடுப்பது என்று இறுதித் தீர்ப்பளிக்க முடியாதவராகின்றார்.

நடைமுறைப்படுத்தல் மெதுவாகவே நிகழ்ந்தது. 2021 ஜனவரியில் குரோமின் 88ஆம் பதிப்பு புதிய விதிகளை ஏற்றது. ஓராண்டின் பின் அங்காடி பழைய விதிப்படியான புதிய நீட்சிகளை ஏற்க மறுத்தது. 2023இல் முடிவுற்றிருக்கவேண்டிய பழைய ஆட்சி ஒத்திவைக்கப்பட்டு, 2024 யூனில் எச்சரிக்கைகளும், ஒக்டோபரில் நீட்சிகளை முடக்குதலும் தொடங்கின. 2025 ஓகஸ்ட் மாதம் வந்த 139ஆம் பதிப்பில் பழைய விதிக்குரிய கடைசி விலக்கும் நீங்கியது. ஹில் 2022 செப்டெம்பரிலேயே புதிய விதிகளுக்கேற்ற யூபிளொக் ஒரிஜின் லைற் என்னும் வேறொரு நீட்சியை வெளியிட்டிருந்தார். அதனைப் பழையதன் புதிய பதிப்பு என்று அழைக்க அவர் மறுத்தமை குறிப்பிடத்தக்கது. பயனர் தாம் விரும்பிய வெளிப் பட்டியலைச் சேர்த்தல், ஒரு தளத்தில் எந்தச் சேவையகத்துக்கு இடங்கொடுப்பது என்று தாமே கட்டம் கட்டமாகத் தீர்மானித்தல் முதலிய வசதிகள் அதன் தொடக்க வடிவில் இடம்பெறவில்லை. நீட்சியோடு பொதிந்து வரும் பட்டியல் மாறவேண்டுமாயின் நீட்சியின் புதிய பதிப்பே அங்காடி வழியாகச் செல்லவேண்டும். விளம்பர முகவரிகளோ நாளுக்கு நாள் மாறுவன. பட்டியலை விளம்பர வணிகரின் அங்காடி வழியே அனுப்புவதென்பது, வாய்க்கால் அடைபட்ட செய்தியை அடைத்தவரிடமே கொடுத்தனுப்புவது போன்றது.

இவ்விடத்துச் சிறுமொழி வாசகரின் நிலை தனியாக நோக்கத்தக்கது. யூபிளொக் ஒரிஜினின் பட்டியல் வரிசையில் ஜேர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உள. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளுக்குமாகவோ இந்தியன்லிஸ்ற் என்னும் ஒரே பட்டியல். தமிழும் சிங்களமும் வங்காளமும் தெலுங்கும் அதனுள் அடங்கும். ஈசிலிஸ்றைப் பேணுவோரின் கண்ணில் மட்டக்களப்பிலிருந்து இயங்கும் ஒரு தமிழ்ச் செய்தித் தளம் படுவது அரிது. அத்தகைய தளத்தில் எழும் தொல்லையை அத்தளத்தின் வாசகரே கண்டு, அங்கேயே விதியெழுதித் தீர்க்கவேண்டியிருக்கும். ஆகவே பயனர் தாமே விதி எழுதும் உரிமை குறையும்போது பெருமொழியினர் இழப்பதைவிடச் சிறுமொழியினர் இழப்பது அதிகம். எண்ணிக்கைக்கு எல்லை வந்தாலும் அதே கதை: பொதுப் பட்டியலுக்கு முதலிடம், வட்டாரப் பட்டியலுக்கு எஞ்சிய இடம்.

விளைவு அஞ்சிய அளவுக்குப் பெரிதாயிற்றா? பிராங்பேர்ட் நகரின் கோதே பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பழைய விதிப்படியான தடுப்பு நீட்சிகளுக்கும் புதிய விதிப்படியானவற்றுக்கும் இடையே, விளம்பரங்களை நீக்கும் திறனிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவைக் கூகிளின் விமரிசகர்கள் மறைத்துப் பேசுவது முறையன்று. அதேவேளை, இது ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுக்கப்பட்ட அளவீடு என்பதையும் மறத்தலாகாது. 2023இன் பிற்பகுதியில் யூரியூப் தடுப்பு நீட்சியுடைய பார்வையாளரை மறிக்கத் தொடங்கியபோது, தடுப்போரும் தடுக்கப்பட்டோரும் ஒரே நாளிற் பலமுறை தம் நிரல்களை மாற்றினர். அத்தகைய போட்டியில் ஒரு பக்கத்தின் வேகம் மறுபக்கத்தின் அங்காடியினால் அளந்து கொடுக்கப்படுகின்றது. இன்று வேலி உறுதியாக இருக்கின்றது என்பது ஒன்று. வேலிக்கம்பின் நீளத்தை நாளை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது இன்னொன்று. ஆய்வு முதலாவதற்கே விடை தருகின்றது.

மொசில்லா தனது பயர்பொக்ஸ் உலாவியில் தடுக்கும் தீர்ப்புரிமையை நீக்கப்போவதில்லை என்று பலமுறை அறிவித்தது. அதன் வருமானத்தின் பெரும்பகுதி, கூகிள் தேடலை இயல்பான தேடலாக வைத்திருப்பதற்குக் கூகிள் தரும் பணம் என்பதை நினைக்கும்போது இந்நிலைப்பாடு துணிவானதே. ஆயினும் அங்காடி யாருடையதாயினும் அங்காடிதான். 2024 செப்டெம்பரில் மொசில்லாவின் பரிசீலகர்கள் யூபிளொக் ஒரிஜின் லைற் விதிகளை மீறியதாக முடிவு செய்து அதன் பதிப்புகளை முடக்கினர். பின்னர் தவறென்று ஒப்புக்கொண்டு திருப்பியளிக்க முன்வந்தபோது ஹில் அதனை ஏற்காது, அந்நீட்சியை அவ்வங்காடியிலிருந்து விலக்கிக்கொண்டார். குரோமின் அடித்தளத்தின்மீது கட்டப்பட்ட பிரேவ் உலாவி தடுப்பை உலாவிக்குள்ளேயே அமைத்துக்கொண்டதோடு, பழைய விதிப்படியான சில நீட்சிகளைத் தானே வழங்கவும் முற்பட்டது. பிறர் அடித்தளத்தில் வீடு கட்டியோர் அடித்தளம் மாறும்போது எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பர் என்பது இவர்கள் யாவருக்கும் பொதுவான சிக்கல்.

விளம்பரத்தை முற்றாகத் தடுப்பதே நீதி என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. உள்ளூர்ச் செய்தித் தளமொன்று வெள்ளம் வந்த நாளில் எந்த வீதி மூழ்கியது, முகத்துவாரம் வெட்டப்பட்டதா என்பதைச் சொல்கின்றது. கொழும்புப் பத்திரிகைகள் அதனைச் சொல்லுமுன் சொல்கின்றது. 2018க்குப் பின் அத்தகைய தளங்களுக்கு வந்த வருமானத்தில் அட்சென்ஸின் பங்கு உண்டு. தடுப்பு நீட்சி அத்தளத்தையும் மோசடி விளம்பரதாரரையும் ஒரே கோலால் அளக்கின்றது. நல்லதை வேறுபடுத்தி இடங்கொடுக்கும் வசதி யூபிளொக் ஒரிஜினில் ஓர் அழுத்தலில் இருந்தது. அந்தத் தீர்ப்பும் வாசகருடையதாயிருந்தது.

இவ்வளவும் மேசைக்கணினியும் மடிக்கணினியும் பற்றியவை. வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் விரிவுரைக் குறிப்புகளைத் திறப்பது பெரும்பாலும் அன்ட்ரொயிட் தொலைபேசியிலே. அதிற் பயர்பொக்ஸ் 2023 டிசெம்பர் முதல் நீட்சிகளைப் பரவலாக ஏற்கின்றது. யூபிளொக் ஒரிஜின் அதில் முழு ஆற்றலோடு இயங்குகின்றது. தொலைபேசியை வாங்கும்போதே அதிற் பதிந்து வரும் குரோமில், பழைய விதிப்படியோ புதிய விதிப்படியோ, எந்த நீட்சிக்கும் இடமில்லை.